நூதனசாலையும் தொலைபேசியும்: பேசுவோர் யார், கேட்போர் யார்?

கையடக்கத் தொலைபேசி பரவத் தொடங்கிய காலத்தில் நூதனசாலைகள் பலவும் அதனை ஒரு பகைப்பொருளாகவே நோக்கின. உள்ளே நுழையுமுன் அதனை அணைத்துவிடும்படி வருவோர் பணிக்கப்பட்டனர். மௌனம் நூதனசாலைக்குரிய ஒழுக்கமாகவும், மணியொலி அவ்வொழுக்கத்தைக் குலைக்கும் அநாகரிகமாகவும் கருதப்பட்டன. ஆயின், 21ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள், அதே நூதனசாலைகளுட் சில தம் காட்சிக்கூடங்களிலே தொலைபேசி இலக்கங்களை எழுதிவைத்து, அவற்றை அழைக்குமாறு வருவோரை வேண்டிநின்றன. பின்னர் குறுஞ்செய்தி அனுப்புமாறும் வேண்டின.

இம்மாற்றத்தைத் தொழினுட்ப வளர்ச்சியின் இயல்பான விளைவு எனக் கூறி அமைந்துவிடுவோர் உளர். அக்கூற்று முழுமையானதன்று. தொலைபேசி இருவழிக் கருவி. பேசுதற்கும் கேட்டற்கும் ஒருங்கே அமைந்தது. நூதனசாலையோ தன் தோற்றம் முதலாகவே ஒருவழி நிறுவனம்; அது பேசும், வருவோர் செவிமடுப்பர். இருவழிக் கருவியொன்று ஒருவழி நிறுவனத்தினுள் நுழைந்தபோது எது எதனை மாற்றியது என்பதே ஆராயற்பாலது. தமிழிலே 'கேட்டல்' என்னும் சொல் செவிமடுத்தலையும் வினாவுதலையும் ஒருங்கே குறிக்கும். நூதனசாலைக்கு வருபவர் இவ்விரு பொருளிலும் கேட்பவராக இருந்தாரா, அன்றி முதற்பொருளில் மட்டுமே கேட்பவராக நிறுத்தப்பட்டாரா என்னும் அளவுகோலைக் கொண்டு, கடந்த எழுபது ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுட் சில ஈண்டு மதிப்பிடப்படுகின்றன.

1. வினாவாத பார்வையாளர்

நூதனசாலையின் கதவு எல்லோர்க்கும் திறந்திருக்கிறது என்பது சட்டப்படி உண்மையாகலாம். சமூகவியல் நோக்கில் அது உண்மையன்று. பிரெஞ்சுச் சமூகவியலறிஞர் பியர் பூர்தியு, அலன் டார்பெல் என்பவருடன் இணைந்து 1966இல் வெளியிட்ட 'கலைமீதான காதல்' என்னும் ஆய்வுநூல் இதனைத் தெளிவுற நிறுவியது. பிரான்ஸ், கிரேக்கம், நெதர்லாந்து, போலந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் கலை நூதனசாலைகளுக்கு வருவோரை ஆராய்ந்த அந்நூல், நூதனசாலைக்குச் செல்லும் பழக்கம் கல்வித் தகைமையோடு நெருங்கப் பிணைந்துள்ளது எனக் காட்டிற்று. கலைப்பொருளை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய குறியீட்டறிவு பிறப்போடு வருவதன்று, குடும்பத்தினாலும் பள்ளியினாலும் கையளிக்கப்படுவது என்பதும், அதனைப் பெற்றோர் அதனைத் தமது இயல்பான இரசனை எனக் கருதிக்கொள்கின்றனர் என்பதும் அந்நூலின் அடிப்படை வாதங்களாகும். வழிகாட்டும் அம்புக்குறிகளையும் விளக்கப் பலகைகளையும் கல்வி வாய்ப்புக் குறைந்தோர் வரவேற்றனர் என்னும் அவதானிப்பும் அங்கு இடம்பெறுகின்றது.

இவ்வவதானிப்பின் உட்பொருள் ஆழமானது. விளங்காத பொருளொன்றின் முன் நிற்பவருக்கு எழும் முதல் வினாக்கள் மிக எளியவை. இது என்ன? இதனை யார் செய்தார்? இதனை ஏன் இங்கே வைத்திருக்கிறார்கள்? இவ்வினாக்களை உரத்துக் கேட்பது தமது அறியாமையைச் சபையில் அறிவிப்பதாகும் என்னும் அச்சமே அவற்றை வாய்க்குள் அடக்கிவிடுகின்றது. காட்சிக்கூடத்து மௌனம் எல்லோர்க்கும் ஒரே மௌனம் அன்று. அறிந்தவரின் மௌனம் சுவைத்தலின் மௌனம். அறியாதவரின் மௌனம் கூச்சத்தின் மௌனம். நூதனசாலைக்குள் நுழைந்த எந்தத் தொடர்புக் கருவியையும் மதிப்பிடுகையில், அது இந்த இரண்டாவது மௌனத்தைக் கலைத்ததா என்பதே முதன்மையான வினாவாகும்.

2. செவியில் ஒலித்த நிறுவனம்

பார்வையாளரின் செவியை நாடி நூதனசாலை மேற்கொண்ட முதல் முயற்சி தொலைபேசியன்று, வானொலியே. 1952இல் அம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் நூதனசாலை சிற்றலை வானொலி முறையைப் பயன்படுத்தி நடமாடும் விரிவுரைகளை ஒலிபரப்பிற்று. ஒலிப்பதிவு நாடாவிலிருந்து வரும் பேச்சு காட்சிக்கூடத்தினுள் அலைவாங்கியினூடாகப் பரப்பப்பட்டது. வருவோர் சிறிய வாங்கியையும் காதொலிக் கருவியையும் அணிந்து அதனைக் கேட்டனர். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் விரிவுரைகள் அமைந்திருந்தமை பாராட்டற்குரியது. எனினும், ஒலிபரப்பு ஒன்றே ஆதலால், அதனைக் கேட்போர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை நோக்கித் திரும்பவேண்டியிருந்தது. நின்று பார்க்க விரும்பியவருக்காக அது காத்திருக்கவில்லை. சலிப்புற்றவருக்காக விரையவும் இல்லை.

பின்னர் வந்த ஒலிநாடாக் கருவிகளும் எண்மக் கருவிகளும் இவ்விறுக்கத்தைப் படிப்படியாகத் தளர்த்தின. விரும்பிய பொருளின் இலக்கத்தை அழுத்தி, விரும்பிய பொழுதில் விளக்கத்தைக் கேட்கும் உரிமை பார்வையாளருக்குக் கிட்டியது. இது ஒரு முன்னேற்றமே. ஆயினும் மாறியது கேட்கும் நேரமேயன்றிப் பேசும் உரிமையன்று. விளக்கப் பலகையில் எழுத்தாக இருந்த நிறுவனத்தின் குரல் செவிக்குள் ஒலியாக மாறிற்று. பார்வையாளரின் குரல் எங்கும் பதிவாகவில்லை.

3. கலைஞரின் தொலைபேசி

தொலைபேசியைத் தொலைபேசியாகவே நூதனசாலைக்குள் கொணர்ந்தவர்கள் கலைஞர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1969இல் சிக்காகோவின் சமகாலக் கலை நூதனசாலையில் 'தொலைபேசிவழிக் கலை' என்னும் கண்காட்சி நடைபெற்றது. கலைஞர்கள் தொலைபேசியிலே அறிவுறுத்தல்களை வழங்க, நூதனசாலை அவற்றின்படி கலைப்பொருட்களை உருவாக்கிற்று. அவ்வுரையாடல்கள் பதியப்பட்ட இசைத்தட்டே கண்காட்சியின் விவரணப் பட்டியலாக வெளியிடப்பட்டது. கலைஞரின் கை இன்றியே கலை பிறக்கலாம் என்னும் கருத்துநிலை வாதத்திற்கு அது வலுச்சேர்த்தது. ஆனால் அக்கம்பியின் ஒரு முனையிற் கலைஞரும் மறுமுனையில் நிறுவனமும் இருந்தன. பார்வையாளர் அவ்வுரையாடலை ஒட்டுக்கேட்பவராகவே இருந்தார்.

இதனினும் வேறுபட்டது அமெரிக்கக் கவிஞர் ஜோன் ஜியோர்னோ 1960களின் இறுதியிலே தொடக்கிய 'டயல் எ போயம்' என்னும் முயற்சியாகும். குறித்த இலக்கத்தை அழைத்தால் ஒலிப்பதிவு செய்யப்பட்ட கவிதையொன்று செவியில் ஒலிக்கும். எக்கவிதை கிடைக்கும் என்பது அழைப்பவருக்குத் தெரியாது. 1970இல் நியூயோர்க் நவீனகலை நூதனசாலையில் நிகழ்ந்த 'தகவல்' என்னும் கண்காட்சியில் இது இடம்பெற்றது. அலன் கின்ஸ்பேர்க், வில்லியம் பறோஸ் போன்றோரின் குரல்களோடு, கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சேர்ந்த பொபி சீல் போன்றோரின் அரசியற் குரல்களும் அதிற் கலந்திருந்தன. வியட்நாம் போர்க்கால அமெரிக்காவில் இத்தகைய குரல்களை எவரும் தனிமையிற் செவிமடுக்க முடிந்தமை அதன் சாதனை. அச்சகத்தையும் அரங்கத்தையும் கடந்து கவிதையை வெகுசன ஊடகமொன்றில் ஏற்றிய வகையிலும் அது முக்கியமானது. ஆயின் இங்கும் அழைத்தவர் செவிமடுத்தார், வினாவவில்லை. கம்பியின் மறுமுனையில் இருந்தது நாடாவே.

யோக்கோ ஓனோவின் தொலைபேசிப் படைப்பு இவ்விரண்டினின்றும் விலகியது. காட்சிக்கூடத்தில் ஒரு தொலைபேசி வைக்கப்பட்டிருக்கும். எப்பொழுதாவது ஓனோ அதனை அழைப்பார். அவ்வேளை அருகில் நிற்பவர் எவராயினும் எடுத்துப் பேசலாம். அவர் திறனாய்வாளராக இருக்கலாம், பாடசாலை மாணவராக இருக்கலாம், காவற்பணியாளராகவும் இருக்கலாம். உயிருள்ள மனிதர் இருவர் பேசிக்கொள்வதே அங்குக் கலைப்பொருளாகின்றது. இருவழித் தொடர்பு என்னும் தொலைபேசியின் இயல்பு நூதனசாலைக்குள் முதன்முறையாக மதிக்கப்பட்டது இத்தகைய படைப்புகளிலேதான் எனலாம். ஆயினும் அழைக்கும் உரிமை கலைஞருக்கே உரியது. பார்வையாளர் காத்திருக்கலாம், தாமாக அழைக்க முடியாது.

4. வருவோர் கைக்கருவி

நூதனசாலைகள் பின்னர்ப் பார்வையாளரின் சொந்தத் தொலைபேசியையே நாடியமைக்குப் பொருளாதாரக் காரணங்கள் இருந்தன. கேட்பொலிக் கருவிகளை வாங்குதல், மின்னேற்றுதல், துப்புரவாக்குதல், பழுதுபார்த்தல், வாடகைக்கு வழங்குவதற்கு ஆளமர்த்தல் ஆகியன பெருஞ்செலவுக்குரியவை. வருவோர் கையிலேயே கருவி இருக்குமாயின் இச்செலவு நீங்கும். 2005இல் விரிவாக்கப்பட்ட கட்டடத்தைத் திறந்த மினியாபோலிஸ் நகரின் வோக்கர் கலைமையம் 'ஆர்ட் ஒன் கோல்' என்னும் சேவையை நடத்திற்று. எத்தொலைபேசியிலிருந்தும் அழைத்துப் பொருளின் இலக்கத்தை அழுத்தினால் விளக்கம் ஒலிக்கும். வீட்டிலிருந்தும் அழைக்கலாம்.

செலவு நீங்கிற்று என்பதைக் காட்டிலும் அது இடம்மாறிற்று என்பதே பொருத்தம். அழைப்பின் கட்டணத்தைப் பார்வையாளரே ஏற்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தோருக்கு அது மேலும் சுமையாயிற்று. இக்குறை ஒருபுறமிருக்க, வோக்கர் சேவையில் ஒரு புதுமை இருந்தது. அழைப்பவர் தமது கருத்தைக் குரலாகப் பதிவுசெய்ய அது இடமளித்தது. நிறுவனத்தின் காதொன்று இங்கே சற்றுத் திறந்துகொண்டது. எனினும் பதிவாகும் கருத்துக்கு அவ்விடத்திலேயே விடை கிடைப்பதில்லை. கடிதப்பெட்டியிற் கடிதமிடுவதற்கும் முகம்நோக்கிப் பேசுவதற்கும் இடையேயுள்ள தூரம் அங்கு எஞ்சியிருந்தது.

5. விருப்பமும் வினாவும்

குறுஞ்செய்தியின் வரவோடு நிலைமை மேலும் மாறுகின்றது. குரல் அழைப்பு பிறர் காதில் விழும், குறுஞ்செய்தி விழாது. மௌனத்தைக் குலைக்காமலே வினாவ முடியும் என்பதும், வினாவுபவரின் உச்சரிப்பும் தயக்கமும் வெளிப்படா என்பதும் அதன் சிறப்புகள். கூச்சத்தின் மௌனத்தைக் கலைப்பதற்கு இதனினும் வாய்ப்பான கருவி வேறில்லை. இவ்வாய்ப்பு எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதை இருவேறு முயற்சிகளை ஒப்பிட்டுக் காணலாம்.

சான்பிரான்சிஸ்கோ நவீனகலை நூதனசாலை 2017இல் தொடக்கிய குறுஞ்செய்திச் சேவை அமெரிக்காவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 57251 என்னும் இலக்கத்திற்கு, 'எனக்கு அனுப்பு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரோடு ஒரு சொல்லையோ நிறத்தையோ உணர்ச்சிக் குறியையோ சேர்த்து அனுப்பியவருக்கு, அதற்கிசைந்த கலைப்பொருளின் படம், கலைஞர் பெயர், படைக்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றோடு மறுசெய்தியாக வந்துசேர்ந்தது. அக்காலத்தில் அந்நூதனசாலையின் சேகரிப்பில் 34,678 பொருட்கள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 5 சதவீதமே ஒரு நேரத்திற் காட்சிக்கு வைக்கத்தக்கவை. எஞ்சியவை களஞ்சியத்தின் இருளில் இருந்தன. அவ்விருளிலிருந்து பொருட்களை மக்களின் கைக்குள் கொணர்ந்தமை சிறிய பணியன்று. நூதனசாலைப் பக்கமே செல்லாத ஒருவர் பேருந்திலிருந்தபடி 'கடல்' எனக் கேட்டு, கடலைப் பற்றிய ஒரு நிழற்படத்தைப் பெறுதல் அதனாற் சாத்தியமாயிற்று. பெரும்புகழ் பெற்ற படைப்பே வரும் என்னும் நியதி இல்லாமையால், எவரும் பேசாத படைப்புகளும் சிலர் கண்ணிற் பட்டன.

ஆயினும் இதனை உரையாடல் எனல் பொருந்தாது. கேட்பவரின் சொல்லைச் சேகரிப்பின் குறிச்சொற்களோடு பொருத்திப் படமொன்றைத் தெரிந்தெடுப்பது கணினி. வந்த படத்தைப் பற்றி 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என ஒருவர் திருப்பிக் கேட்பாராயின், அவ்வினாவைக் கேட்க அங்கு எவரும் இல்லை. விருப்பத்தை வெளியிடலாம், ஐயத்தை வெளியிட முடியாது. வாடிக்கையாளர் கேட்பதை உடன் வழங்கும் வணிகப் பண்பாட்டின் சாயல் இங்குப் படிந்துள்ளமை மனங்கொளத்தக்கது. பொருளின் முன் நின்று திணறும் மனிதருக்கு அச்சேவை கைகொடுக்கவில்லை. அது அதன் நோக்கமாகவும் இருக்கவில்லை.

அந்நோக்கத்தை நேரடியாக ஏற்றது நியூயோர்க்கின் புரூக்லின் நூதனசாலை 2015இல் அறிமுகப்படுத்திய 'ஆஸ்க்' என்னும் செயலியாகும். அப்பெயரே 'கேள்' எனப் பொருள்படுவது. காட்சிக்கூடத்தில் நிற்பவர் தமது வினாவைக் குறுஞ்செய்தி போலத் தட்டச்சுச் செய்து அனுப்பினார். நூதனசாலையினுள்ளே அமர்ந்திருக்கும் குழுவினர், கலைவரலாறு முதலிய துறைகளிற் பயிற்சி பெற்றவர்கள், உடனுக்குடன் விடையெழுதினர். கேட்பவர் எப்பகுதியில் நிற்கிறார் என்பதை உணர்த்தும் சிறு சமிக்ஞைக் கருவிகள் கூடங்களிற் பொருத்தப்பட்டிருந்தன. நூதனசாலைக்கு வெளியே அச்செயலி வினாக்களை ஏற்கவில்லை. பொருளின் முன் நின்றே கேட்கவேண்டியிருந்தது.

இந்தக் கட்டுப்பாடு ஒரு குறைபோலத் தோன்றினும், உண்மையில் அதுவே இம்முயற்சியின் அழகியற் கொள்கை எனலாம். கேட்பவர் பொருளைப் பார்க்கின்றார். விடைதருபவர் அப்பொருளின் ஒரு நுட்பத்தைச் சுட்டுகின்றார். கேட்பவர் மீண்டும் பார்க்கின்றார். திரையை நோக்கிய கண் பொருளுக்கே திருப்பி அனுப்பப்படுகின்றது. சான்பிரான்சிஸ்கோ முயற்சி பொருளைப் பார்வையாளரிடம் அனுப்பிற்று. புரூக்லின் முயற்சி பார்வையாளரைப் பொருளிடம் அனுப்பிற்று. மேலும், கேட்கப்பட்ட வினாக்கள் சேமிக்கப்பட்டமையால், மக்கள் எதனை அறிய விரும்புகின்றனர் என்பது நிறுவனத்திற்குத் தெரியவந்தது. விளக்கப் பலகை எழுதுவோர் ஊகித்து எழுதும் நிலைக்கு மாறாக, உண்மையான வினாக்கள் அவர்கள் முன் வந்தன.

எனினும் இம்முயற்சியின் எல்லைகளையும் குறிப்பிடல் வேண்டும். செயலியை இயக்கவல்ல உயர்தரத் தொலைபேசி வைத்திருப்போர்க்கே அது பயன்பட்டது. தொடக்கத்தில் அது அப்பிள் நிறுவனத்தின் தொலைபேசிகளில் மட்டுமே இயங்கிற்று. சாதாரணத் தொலைபேசியிலிருந்து அனுப்பும் குறுஞ்செய்திக்குரிய எளிமை அதற்கில்லை. எல்லாவற்றினும் மேலாக, விடையளிப்போர் மனிதர். மனிதர்க்கு ஊதியம் வேண்டும். புரூக்லின் திட்டத்திற்கு ஒரு கொடைநிறுவனத்தின் நிதியுதவி பின்புலமாக இருந்தது. செவிமடுத்தல் என்பது உழைப்பு. அவ்வுழைப்புக்கு விலை உண்டு என்பதை உணராது பார்வையாளர் பங்கேற்புப் பற்றிப் பேசுவோர், பங்கேற்பின் தோற்றத்தையே விரும்புகின்றனர் எனலாம்.

6. உழைப்பும் இயந்திரமும்

இவ்வுழைப்பின் விலையே இன்று செயற்கை நுண்ணறிவுக்கு வழிதிறக்கின்றது. 2024 ஒக்டோபரில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் நூதனசாலை, தன் காட்சிப்பொருட்களுள் 13ஐப் பார்வையாளரோடு உரையாடச் செய்தது. அழிந்தொழிந்த டோடோப் பறவையின் எலும்புக்கூடும் அவற்றுள் ஒன்று. பொருளின் அருகிலுள்ள குறியீட்டைத் தொலைபேசியால் வருடியபோது, அவ்விலங்கே தன்மையிடத்தில் நின்று விடையளிப்பது போன்ற பேச்சு தொடங்கிற்று. பல மொழிகளில் உரையாடவும் கேட்பவரின் வயதுக்கேற்ப நடையை மாற்றவும் அதனால் இயன்றது.

இதனை எள்ளி ஒதுக்குதல் எளிது, நியாயமன்று. நூதனசாலையின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிராதவருக்குத் தமது மொழியில் வினாவும் வாய்ப்பு, மனிதக் குழுவினால் எளிதில் வழங்கத்தக்கதன்று. ஆங்கிலத்திலே கேட்கத் தயங்கி வாய்மூடி நிற்பவரின் நிலையை இலங்கை போன்ற பன்மொழி நாட்டினர் நன்கறிவர். இயந்திரத்தின் முன் வெட்கமில்லை. எளிய வினாவுக்கு அது முகஞ்சுளிப்பதில்லை. பூர்தியு சுட்டிய இடைவெளியின் ஒரு பகுதியை இது குறைக்கக்கூடும்.

ஆயினும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, உண்மை பற்றியது. டோடோ 'நான்' எனப் பேசும்போது, அவ்விடை எவருடைய அறிவு, அது பிழையாயின் எவர் பொறுப்பு என்பன மறைந்துவிடுகின்றன. விளக்கப் பலகைக்குப் பின்னே ஒரு நிறுவனமும், புரூக்லின் விடைக்குப் பின்னே ஒரு மனிதரும் இருந்தனர். பேசும் எலும்புக்கூட்டுக்குப் பின்னே இருப்பவரைப் பார்வையாளர் எளிதிற் காணமுடியாது. இரண்டாவது, செவிமடுத்தல் பற்றியது. வினாவினால் மாறக்கூடிய ஒருவர் கேட்கும்போதே அது செவிமடுத்தலாகும். 'இப்பொருள் எவரிடமிருந்து எவ்வாறு எடுக்கப்பட்டது?' என ஒருவர் கேட்பாராயின், அவ்வினா நிறுவனத்தையே நோக்கியது. இயந்திரம் அதற்குப் பணிவான விடையொன்றைக் கூறி அனுப்பிவிடலாம்; நிறுவனம் அதனைக் கேளாமலே இருந்துவிடலாம். வாயிலில் அமர்ந்து வருவோரைச் சமாதானப்படுத்தி அனுப்பும் எழுதுவினைஞரின் பணி அப்போது இயந்திரத்திற்கு உரியதாகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கருவியின் புதுமைக்கும் உறவின் புதுமைக்கும் நேரான தொடர்பில்லை என்பது புலனாகும். 1970களின் சாதாரணத் தொலைபேசியொன்றைக் கொண்டு ஓனோ தோற்றுவித்த மனித உறவை, 2017இன் கணினிச் சேவை தோற்றுவிக்கவில்லை. 1952இன் வானொலியும் 2005இன் தொலைபேசி வழிகாட்டியும் தொழினுட்பத்தில் வேறுபட்டனவேனும், நிறுவனமே பேசும் என்னும் அடிப்படையிற் பெரிதும் ஒன்றுபட்டன. புரூக்லின் முயற்சி ஏனையவற்றினும் மேம்பட்டு நிற்பதற்குக் காரணம் அதன் செயலியன்று. அச்செயலியின் மறுமுனையில் விடையளிக்க மனிதர் அமர்த்தப்பட்டிருந்தமையே.

ஆகவே, ஒரு நூதனசாலை தன் பார்வையாளரைத் தொலைபேசியால் ஈர்த்துள்ளது என்னும் செய்தியைக் கேட்குந்தோறும், எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை குறுஞ்செய்திகள் பரிமாறப்பட்டன என்னும் எண்ணிக்கையோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. உரையாடலைத் தொடக்கும் உரிமை எவரிடம் இருந்தது, வினாவைக் கேட்டவர் எவர், அவ்வினா வந்தபின் நிறுவனத்தில் ஏதேனும் மாறியதா என்பனவும் வினாவப்படல் வேண்டும். ஒரு விளக்கப் பலகையின் ஒரு வரியேனும் பார்வையாளர் ஒருவரின் வினாவினால் திருத்தி எழுதப்படுமாயின், அந்நூதனசாலையில் தொலைபேசி தன் முழுப்பொருளிற் பயன்பட்டது எனக் கொள்ளலாம். அதுவரை அது கையடக்கமான ஓர் ஒலிபெருக்கியே.